நொதியம் செய்யும் மரபுப் பாகங்கள்: வன்னியில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் பாடம் முடிந்தபிறகு பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு மணித்தியாலம் பேசுவோம். கடந்த சில மாதங்களாக அந்த நேரம் முழுவதையும் செயற்கை உயிரியல், அதாவது உயிர்களின் டி.என்.ஏ.யை நாமே வடிவமைத்து வேலை வாங்கும் துறை, பிடித்துக்கொண்டது. அக்கராயன், விசுவமடு, முள்ளியவளைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவை, அவர்களைக் கூட்டிப்போக வந்த தகப்பன், தாய்மார் கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான் இவை.

ரீச்சர், மரபுப் பாகம் என்றால் என்ன? அது ஜீன்தானே?

ஜீனும் அதில் அடக்கம், ஆனால் ஜீன் மட்டும் அல்ல. ஒரு பற்றீரியாவைக்கொண்டு ஒரு புரதத்தைச் செய்விக்க வேண்டுமென்றால் டி.என்.ஏ.யில் நான்கு துண்டுகளாவது வரிசையாக இருக்க வேண்டும். "இங்கிருந்து படி" என்று சொல்லும் புரோமோட்டர் முதலாவது. புரதத்தைக் கட்டும் ரைபோசோம் வந்து பிடிக்கும் இடம் இரண்டாவது. புரதத்தின் செய்முறை எழுதப்பட்ட குறியீட்டுப் பகுதி மூன்றாவது. "இத்துடன் நிறுத்து" என்னும் முடிவுத் துண்டு நான்காவது. இந்த ஒவ்வொன்றும் ஒரு பாகம். குறியீட்டுப் பகுதியிலிருந்து வரும் புரதம் நொதியமாக (என்சைம், அதாவது இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் புரதமாக) இருந்தால் அதுவே நாம் பேசும் நொதியப் பாகம்.

2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டொம் நைட் என்பவர் இந்தத் துண்டுகளை ஒரே அளவான முனைகளோடு செய்து வைத்தால் யாரும் எடுத்துப் பூட்டலாம் என்று முன்மொழிந்தார். அவற்றுக்கு பயோபிரிக், அதாவது உயிர்ச் செங்கல், என்று பெயர். அதே காலத்தில் பாகங்களின் பதிவேடும் தொடங்கியது. 2004இல் ஐந்து அணிகளோடு தொடங்கிய ஐஜெம் போட்டியில் உலகம் முழுவதும் மாணவர்கள் சேர்ந்து அந்தப் பதிவேட்டை நிரப்பினார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. பி0034 என்றால் ரைபோசோம் பிடிக்கும் இடம், பி0015 என்றால் முடிவுத் துண்டு என்று வேலை செய்பவர்களுக்கு மனப்பாடம்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்தை நொதியம் என்று பலர் எழுதுகிறீர்கள். அது நொதியம் அல்ல. நீல ஒளி பட்டால் தானாகப் பச்சை ஒளி விடும். மின்மினியின் லூசிஃபெரேஸ் நொதியம். அதற்கு லூசிஃபெரின், ஏ.டி.பி., ஒக்சிசன், மக்னீசியம் எல்லாம் வேண்டும். தின்னக் கொடுக்காமல் நொதியத்திடம் வேலை வாங்க முடியாது.

நொதியத்தைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். கண்ணால் காண வழி உண்டா?

உங்கள் குசினியிலேயே உண்டு. ஆட்டிறைச்சி மெதுவாக வேக அம்மா பப்பாசிக்காய்த் துண்டு போடுவா. அதன் பாலில் உள்ள பப்பெயின் இறைச்சியின் புரதத்தை வெட்டுகிறது. பனையிலிருந்து இறக்கும் முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால் மதுவம் வளர முடிவதில்லை. சுண்ணாம்பு இல்லாவிட்டால் மதுவத்தின் இன்வர்ட்டேஸ் நொதியம் சுக்குரோசை குளுக்கோசு, புரக்டோசு என்று பிளந்துவிடும், அப்புறம் நொதித்தல் ஓடத் தொடங்கிவிடும்.

எல்லாப் பாகத்துக்கும் ஒரே முனை ஏன்? அதில் என்ன பெரிய லாபம்?

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பி.வி.சி. குழாயை நினைத்துப் பாருங்கள். இரண்டு அங்குலக் குழாய் என்றால் எந்தக் கடையில் வாங்கினாலும் சொக்கெட்டில் ஏறும். அதுபோல ஒவ்வொரு பாகத்தின் முன்னால் ஈகோ ஆர் வன், எக்ஸ்பா வன் என்ற இரண்டு வெட்டும் நொதியங்களின் இடங்களும், பின்னால் ஸ்பீ வன், பிஎஸ்டி வன் என்ற இரண்டின் இடங்களும் வைக்கப்பட்டன. எக்ஸ்பாவும் ஸ்பீயும் வெட்டிய முனைகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டிய பிறகு அந்த இடத்தை இரண்டு நொதியத்தாலும் மறுபடி வெட்ட முடியாது, பசை போட்ட சொக்கெட்டைப் போல. ஆனால் வெளி முனைகள் அப்படியே இருப்பதால் அடுத்த துண்டையும் பூட்டலாம்.

இந்த ஒட்டில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நொதியப் பாகத்தோடு வேலை செய்பவர்களே அதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஒட்டிய இடத்தில் டி.என்.ஏ.யின் ஏ, டி, ஜி, சி எழுத்துகளில் சில தழும்பாக மிஞ்சும். இரண்டு குறியீட்டுப் பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினால் அந்தத் தழும்பு டிஏசி, டிஏஜி என்று படிக்கப்படும். கோடோன் என்பது மூன்று எழுத்துச் சொல், டிஏஜி "நிறுத்து" என்னும் கோடோன். ஆகவே இரண்டு நொதியங்களை ஒரே புரதமாக இணைக்க நினைத்தால் முதலாவதோடு கதை முடிந்துவிடும். இதற்காகவே பிறகு வேறு தரங்கள் வந்தன. ஃப்ரைபுர்க் அணி கொண்டுவந்த முறையில் தழும்பு திரியோனைன், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களாகப் படிக்கப்படும், புரதம் அறுபடாது. இன்று பலர் கோல்டன் கேட் முறையையோ, 2009இல் வெளியான கிப்சன் முறையையோ எடுக்கிறார்கள். கிப்சன் முறையில் ஒரே குழாயில் மூன்று நொதியங்கள் வேலை செய்கின்றன: ஒன்று முனையைத் தின்னும், ஒன்று இடைவெளியை நிரப்பும், ஒன்று ஒட்டும். நொதியம் செய்யும் ஜீனைப் பூட்டுவதற்கும் நொதியமே கை கொடுக்கிறது என்பதைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பதிவேட்டில் உள்ள நொதியப் பாகங்கள் என்ன என்ன செய்யும்?

எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன். பீட்டா கலக்டோசிடேஸ் செய்யும் லாக் இசெட் ஜீனை எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்-கால் என்ற பொருளைக் கொடுத்தால் பற்றீரியாக் குடியிருப்பு நீலமாகும். ஜாக்கோப், மோனோ இருவரும் 1961இல் எழுதிய லாக் ஒப்பரன் கதை, அதாவது இந்த ஜீன் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்ற கதை, உங்கள் பாடத்திலேயே உண்டு.

சைல் ஈ என்ற பாகம் சூடோமோனாஸ் பியூடிடா என்ற மண் பற்றீரியாவிலிருந்து வந்தது. நிறமில்லாத கட்டெக்கோலைத் தொட்டால் பளிச்சென்ற மஞ்சள். நுணுக்குக்காட்டியோ விசேட விளக்கோ வேண்டாம், கண் போதும். நம்மைப்போல் வசதி குறைந்த இடங்களுக்கு இப்படிப்பட்ட பாகங்களே உகந்தவை என்பது என் எண்ணம்.

2006இல் எம்.ஐ.டி. மாணவர்கள் செய்ததைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஈ. கோலை பற்றீரியாவின் நாற்றம் தாங்காமல், அது மணக்கும்படி மாற்றினார்கள். மதுவத்தின் ஏ.டி.எஃப்.1 என்ற நொதியப் பாகத்தால் வாழைப்பழ வாசம். பெட்டூனியாப் பூவின் பி.எஸ்.எம்.டி.1 பாகத்தால் மெதைல் சலிசிலேற், அதாவது நோவுக்குப் பூசும் பாமின் வாசம். பற்றீரியா வேகமாகப் பெருகும்போது பாம் வாசம், பெருக்கம் நின்ற பிறகு வாழைப்பழம் என்று புரோமோட்டரால் பிரித்தும் வைத்தார்கள். வாசத்தைச் செய்வது நொதியம். எப்போது செய்வது என்று அதற்கு முன்னால் நிற்கும் பாகம் சொல்கிறது.

மலேரியா மருந்தை மதுவம் செய்ததாகச் சொன்னீர்களே, அதை விவரமாகச் சொல்லுங்கள்.

வன்னியில் ஐம்பது வயது தாண்டிய யாரிடமும் மலேரியாவை விளக்க வேண்டியதில்லை. நடுக்கமும் காய்ச்சலும் குளோரோகுயின் குளிசையின் கசப்பும் ஞாபகம் இருக்கும். இலங்கைக்குள் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. அது மருந்தடித்தது, வலை கட்டியது, வீடு வீடாக இரத்தம் எடுத்துப் பார்த்தது என்ற உழைப்பின் பலன். செயற்கை உயிரியலுக்கு அதில் பங்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் உலகின் மற்ற இடங்களில் மலேரியா இன்னும் கொல்கிறது. குளோரோகுயின் கேட்காத ஒட்டுண்ணிக்கு ஆர்டெமிசினின்தான் மருந்து. அதைக் கண்டதற்காக சீனாவின் டூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். அது ஆர்டெமிசியா அனுவா என்ற செடியில் கிடைக்கிறது. விளைச்சல் கூடினால் விலை விழும், குறைந்தால் ஏறும். நெல்லு விற்கும் நமக்கு இது தெரியாத கதையா?

கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங்கின் குழு என்ன செய்தது என்றால், மதுவம் தன் உடலுக்காக ஏற்கெனவே செய்யும் ஃபார்னிசைல் பைரோபொஸ்பேற்று என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. செடியிலிருந்து எடுத்த ஒரு நொதியப் பாகம் அதை அமோர்ஃபடயீனாக மடிக்கும். இன்னொரு நொதியப் பாகம் அதில் ஒக்சிசனைச் சேர்த்து ஆர்டெமிசினிக் அமிலமாக்கும். மிச்ச வேலையை இரசாயனம் பார்த்துக்கொள்ளும். 2006இல் ஒரு லீற்றருக்கு 100 மில்லிகிராம் அளவில் கிடைத்தது. 2013இல் 25 கிராம்! இடையில் ஏழு வருடங்கள். அந்த ஏழு வருடமும் புது ஜீன் தேடியதில் மட்டும் போகவில்லை. ஒரு நொதியம் கூடுதலாகவும் அடுத்தது குறைவாகவும் இருந்தால் நடுவில் தேங்கும் பொருள் மதுவத்தையே வருத்தும். வாய்க்காலில் ஒரு மதகைத் திறந்து அடுத்ததை மூடினால் வரம்பு உடைவதுபோல. செடியிலிருந்து மேலும் சில நொதியங்களைக் கொண்டுவந்து, ஒவ்வொரு மதகையும் அளவாகத் திறந்ததன் பிறகே அந்த 25 கிராம் வந்தது. பிற்பாடு செடியின் விலை குறைந்ததால் இந்த வழி சந்தையைப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. அறிவு வீண்போகவில்லை. இன்று மதுவத்தில் வேறு மருந்துகள் செய்பவர்கள் இதே வழியில்தான் நடக்கிறார்கள்.

ஜீன் வரிசை கணினியில் கிடைத்துவிட்டது. அதை அப்படியே போட்டால் நொதியம் வந்துவிடும் அல்லவா?

இந்தக் கேள்விக்கு என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் இறுதி வருடத்தில் ஒரு நொதிய ஜீனை ஈ. கோலையில் போட்டேன். புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் சரியான அளவில் தடித்த பட்டை. துள்ளிக் குதித்தேன். செயற்பாட்டை அளந்தால் பூச்சியம். இரண்டு கிழமை அழாத குறை. பிறகுதான் விளங்கியது: 37 பாகையில் பற்றீரியா அவசரமாகச் செய்த புரதம் ஒழுங்காக மடியாமல் கட்டிபட்டு அடியில் கிடந்தது. 18 பாகைக்கு இறக்கி, இரவு முழுக்க மெதுவாகச் செய்யவிட்டதும் வேலை செய்தது. புரதம் இருப்பது ஒன்று, நொதியம் வேலை செய்வது இன்னொன்று. அன்றிலிருந்து பட்டையைப் பார்த்து நான் நம்புவதில்லை.

மடிவதைத் தவிர இன்னும் இருக்கிறது. 64 கோடோன்களில் ஒவ்வொரு உயிரும் சிலவற்றை விரும்பும், சிலவற்றை அரிதாகவே பாவிக்கும். ஆர்ஜினினுக்கான ஏஜிஜி, ஏஜிஏ இரண்டும் ஈ. கோலைக்கு அரிது. செடியின் ஜீனில் அவை நிறைய இருந்தால் ரைபோசோம் திணறும். ஆகவே அமினோ அமிலத்தை மாற்றாமல் கோடோனை மட்டும் மாற்றி எழுதுவார்கள். சில நொதியங்களுக்கு நாகமோ இரும்போ உலோக அயன் வேண்டும். சிலவற்றுக்குப் பற்றீரியாவிடம் இல்லாத துணைக்காரணி, அதாவது கூட நின்று உதவும் சிறு மூலக்கூறு, வேண்டும். தாக்கப்பட வேண்டிய பொருள் கலத்துக்குள் நுழையாவிட்டால் உள்ளே இருக்கும் நொதியத்துக்கு வேலையே இல்லை.

அதனால் பதிவேட்டில் ஒரு பாகத்தைத் திறந்தால் பெயரைப் பார்த்து மகிழாதீர்கள். யாராவது செயற்பாட்டை அளந்திருக்கிறார்களா? எந்த வெப்பநிலை, எந்த பி.எச்., எந்த பற்றீரியா இனம்? வரிசையை உறுதிப்படுத்தினார்களா? போட்டிக்கு அவசரமாக அனுப்பி, ஒருமுறைகூடச் சோதிக்காத பாகங்களும் அங்கே கிடக்கின்றன. "வேலை செய்யவில்லை" என்று நேர்மையாக எழுதியவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த ஒரு வரி இன்னொருவரின் ஆறு மாதத்தைக் காப்பாற்றும்.

பிள்ளை, வயலுக்கு அடிக்கிற மருந்து வாய்க்காலுக்குள்தான் போகுது. அதைத் தின்னுற கிருமி ஒன்றைச் செய்து விடேலாதோ?

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்யும் ஓர் ஐயா கேட்டது. இதுவரை கேட்டவற்றில் நல்ல கேள்வி இதுதான் என்று அவரிடமே சொன்னேன்.

முதலில் ஆச்சரியமான செய்தி. அந்தக் கிருமி ஒரு நெல்வயலிலேயே கிடைத்தது. டயசினோன் என்ற பூச்சிமருந்து அடித்த பிலிப்பைன்ஸ் வயலொன்றிலிருந்து அதைத் தின்னும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்து 1973இல் வெளியிட்டார்கள் சேதுநாதன், யோஷிடா என்ற இரண்டு ஆய்வாளர்கள். அதில் இருந்த ஓ.பி.டி. என்ற ஜீன், டயசினோன் சேர்ந்த ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்துகளைத் தண்ணீர் சேர்த்துப் பிளக்கும் நொதியத்தைச் செய்கிறது. அந்த ஜீன் பிளாஸ்மிட்டில் இருந்தது, அதாவது ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய வளையத்தில். இந்த மருந்துகள் நம் நரம்பில் அசற்றைல்கோலினெஸ்ரரேஸ் என்ற நொதியத்தை முடக்குவதால்தான் நஞ்சாகின்றன. ஒரு நொதியத்தை முடக்கும் நஞ்சை இன்னொரு நொதியம் அழிக்கிறது.

அப்படியானால் ஏன் வாய்க்காலில் விடக்கூடாது? மூன்று காரணம் சொன்னேன். ஒன்று, இந்த நொதியம் ஓகனோபொஸ்பேற்றை மட்டுமே தொடும். கார்போபியூரானையோ கிளைபோசேற்றையோ தொடாது. வயலில் இருப்பது ஒரு மருந்து அல்ல. இரண்டு, பிளந்த பிறகும் மிச்சம் உண்டு. அதே வகையைச் சேர்ந்த பரதையோனைப் பிளந்தால் பரா நைட்ரோபீனோல் வரும். அது பரதையோனைவிட நஞ்சு குறைவுதான், ஆனால் நஞ்சு இல்லாதது அல்ல. மஞ்சளாக இருப்பதால் ஆய்வுகூடத்தில் அளப்பதற்கு மட்டும் வசதி.

மூன்றாவதுதான் எனக்குப் பயம். ஆய்வுகூடத்தில் ஜீனைச் சுமக்கும் பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலின், குளோரம்பெனிகோல் போன்ற பற்றீரியாவைக் கொல்லும் மருந்தொன்றை எதிர்க்கும் ஜீனும் கூடவே இருக்கும், எந்தப் பற்றீரியா பிளாஸ்மிட்டை எடுத்தது என்று தெரிந்துகொள்ள. அந்த எதிர்ப்பு ஜீனும் ஒரு நொதியப் பாகமே. ஆம்பிசிலினை உடைக்கும் பீட்டா லக்டமேஸ் நொதியத்தை அது செய்கிறது. அதை வாய்க்காலில் விட்டால் எந்தப் பற்றீரியாவிடம் போய்ச் சேரும் என்று யாராலும் பொறுப்பேற்க முடியாது. அந்தத் தண்ணீரில்தான் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். விட்ட கிருமியைத் திரும்பப் பிடிக்கும் வலை எங்களிடம் இல்லை. இலங்கை 2004இல் கார்ட்டஜீனா உயிரியல் பாதுகாப்பு நெறிமுறையில் சேர்ந்த நாடு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சட்டமே இல்லாவிட்டாலும் நான் சம்மதிக்கமாட்டேன்.

ஐயாவின் முகம் வாடியது. உடனே மற்ற வழியையும் சொன்னேன். கிருமியை விடாமல் நொதியத்தை மட்டும் எடுத்துப் பாவிக்கலாம். ஆஸ்திரேலியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரச ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்குள்ள மண்ணில் கண்ட இதேபோன்ற நொதியத்தைப் பற்றீரியாவில் செய்து, உயிரில்லாத பொருளாக எடுத்து, செம்மறிகளைக் குளிப்பாட்டிய மருந்துத் தண்ணீரில் கலந்து சுத்தம் செய்தார்கள். நொதியம் தன் வேலையை முடித்துவிட்டு மற்றப் புரதங்களைப்போலச் சிதைந்துவிடும், பெருகாது. மருந்துத் தாங்கி கழுவும் தண்ணீர், போத்தல் அலசிய தண்ணீர் போன்று நஞ்சு ஓரிடத்தில் செறிந்திருக்கும்போது இது மிகப் பொருத்தம். அதுவரைக்கும் தாங்கியை வாய்க்காலில் கழுவாதீர்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டினார்.

குளக்கட்டில் கிடக்கும் பிளாஸ்டிக்கை இப்படி அழிக்கலாமா?

போத்தலை ஓரளவு. ஜப்பானின் சக்காய் நகரத்தில் கிடைத்த ஒரு பற்றீரியா, தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை பெட்டேஸ், மெட்டேஸ் என்ற இரண்டு நொதியங்களால் உடைப்பதாக 2016இல் வெளியிட்டார்கள். சொப்பிங் பையும் லஞ்ச் சீற்றும் பொலித்தீன். பெட்டேஸ் அதைத் தொடாது. பொறுக்கி எடுப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை.

கிணற்றுத் தண்ணீரில் நஞ்சிருந்தால் பற்றீரியா காட்டித்தருமா?

2006இல் எடின்பரோ மாணவர்கள் ஆர்சனிக்கைக் காட்டும் பற்றீரியாவை வடிவமைத்தார்கள், பங்களாதேஷின் கிணறுகளை மனதில் வைத்து. அதில் இரண்டு நொதியப் பாகங்கள் எதிரெதிராக நின்றன. யூரியேஸ் அமோனியாவைச் செய்து பி.எச்.ஐ ஏற்றும். லாக் இசெட் வேலை செய்தால் லக்டோசு அமிலமாகி பி.எச். இறங்கும். ஆர்சனிக் இருந்தால் இறங்கும் பக்கம் வெல்லும், நிறம் மாறும். விலை உயர்ந்த கருவி வேண்டாம் என்பதே அதன் அழகு. ஆனால் உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சந்தேகம் என்றால் இதற்குக் காத்திருக்க வேண்டாம், தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

உயிரில் கை வைப்பது சரியா?

ஓர் அம்மா கேட்டா. அவவுக்குச் சீனி வருத்தம், தினமும் இன்சுலின் ஊசி. இன்சுலின் நொதியம் அல்ல, ஓமோன். ஆனால் அதுவும் மனித ஜீனைப் பற்றீரியாவில் வைத்துச் செய்யப்பட்டு 1982இலேயே பாவனைக்கு வந்தது. அதைச் சொன்னேன். சரி பிழையைத் தொழில்நுட்பத்தில் தேடாமல் ஒவ்வொரு வேலையிலும் தேட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மூடிய தொட்டியில் மருந்து செய்வதை ஏற்கிறேன். திறந்த வாய்க்காலில் விடுவதை ஏற்கவில்லை.

இங்கே இருந்துகொண்டு நாங்கள் என்ன செய்யலாம்?

படிக்க இடம் பக்கத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஜீன் மாற்றும் வேலையை வீட்டில் செய்து பார்க்க நினைக்க வேண்டாம். அது ஒழுங்கான ஆய்வுகூடத்துக்குரியது.

வடிவமைப்புக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஜீன், புரத வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்.சி.பி.ஐ., யூனிப்ரோட் இணையத்தளங்கள் இரண்டும் இலவசம், போனிலேயே திறக்கும். வரும் சனிக்கிழமைக்கு இதைச் செய்துகொண்டு வாருங்கள். ஓ.பி.டி. ஜீனின் வரிசையை எடுங்கள். ஏடிஜியிலிருந்து மும்மூன்று எழுத்தாகப் பிரித்துக் கொப்பியில் எழுதுங்கள். ஈகோ ஆர் வன் வெட்டும் ஜிஏஏடிடிசி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்து, அது ஜிஏஏ, டிடிசி என்று பிரிந்தால் முதலாவதை ஜிஏஜி ஆக்குங்கள். குளுட்டாமிக் அமிலம் மாறாது, ஆனால் நொதியத்தால் அங்கே வெட்ட முடியாது. வேறு விதமாகப் பிரிந்தால் எந்த எழுத்தை மாற்றலாம் என்று கோடோன் அட்டவணையைப் பார்த்து நீங்களே கண்டுபிடியுங்கள். எக்ஸ்பா, ஸ்பீ, பிஎஸ்டி மூன்றுக்கும் அதேபோலத் தேடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், அழித்து எழுத வேண்டிவரும்.